தலைக்கு ஒன்றேகால் கிலோ

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் ஏழுகடை ஊரில் எல்லோர் தலையும் கனத்தது. முதலில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது, தட்டிவிட்டோம். பிறகு யாரோ உள்ளங்கையை வைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தோம். ஒன்பதரை மணிக்கெல்லாம் ஒரு நிறைசொம்பைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தது போல அது நிலைத்து நின்றுவிட்டது, வங்கியில் ரூபாய்க் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கும், சலூனில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தவருக்கும், பிள்ளையார் கோயில் பூசாரிக்கும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும், பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் மிஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்த எனக்கும். நடக்கத் தெரிந்த யாரும் தப்பவில்லை.

அதே நேரத்தில் ரத்தினவேல் முதலாளியின் அரிசி மில்லில் நெல் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது கிலோ மூட்டையைத் தலையில் வாங்கிய பூச்செண்டு இரண்டடி நடந்து நின்று, கையை மேலே விட்டுத் தடவிப் பார்த்து, "என்ன முதலாளி, பதர அள்ளிக் கட்டி விட்டுருக்கீங்களா, ஒண்ணுமே கனக்கல?" என்று சத்தம் போட்டாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே நெல்தான். தராசில் வைத்தால் ஐம்பது கிலோதான். மறுபடி தலையில் ஏற்றினால் ஒரு சொம்புத் தண்ணீர்தான். அவள் புருஷன் சேவுகன், ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குகிறவன் என்று ஊரே 'ரெட்டை மூட்டை' பட்டம் கொடுத்து வைத்திருந்தவன், தன் இரண்டையும் ஏற்றிப் பார்த்துவிட்டு முகம் செத்துப்போய் நின்றான். பூச்செண்டோ மூட்டையைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு அப்போது மூன்று மாதம். இதற்கு முன்னால் இரண்டு தடவை மூட்டை தூக்கித் தூக்கியே கரு கலைந்திருந்தது. இந்தத் தடவை சொன்னால் வேலைக்கு விடமாட்டான் என்று புருஷனிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

ஊர் முதலில் ரத்தக்கொதிப்பு என்று நினைத்தது. மருந்துக்கடையில் வரிசை நின்றது, பூசாரி திருநீறு போட்டார், நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன், ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோர் தலையும் சொல்லிவைத்தாற்போல் லேசானது. இரண்டு மணிக்கு மறுபடி ஏறியது. அது மில்லிலும் மிளகாய் மண்டியிலும் செங்கல் காளவாசலிலும் சுமைக்காரர்கள் சோற்றுக்கு உட்காரும் நேரம் என்று கண்டுபிடித்தவர் கணக்கு வாத்தியார் ஜெயசீலன். மூன்று நாள் முச்சந்தியில் நோட்டோடு நின்று, தலையில் போன மூட்டை, செங்கல் சட்டி, தண்ணீர்க் குடம், பூக்கூடை ஒன்று விடாமல் எழுதி, ஊரில் நடமாடும் தலைகளால் வகுத்து, 'தலைக்கு ஒன்றேகால் கிலோ' என்று பள்ளிக்கூட மதிலில் சாக்பீஸால் எழுதிப்போட்டார். மேற்கே ரயில்வே கேட்டைத் தாண்டினால் பாரம் இல்லை, கிழக்கே கண்மாய் மடையைத் தாண்டினால் இல்லை, நடுவில் நின்றால் யாராக இருந்தாலும் ஒன்றேகால் கிலோ. விசாரிக்க ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி பத்து நிமிடம் விசாரித்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார், மறுபடி வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று எங்கள் ஊரில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. எனக்கு ஏன் என்றுதான் கேட்டோம்.

"கூலியும் நான் குடுத்து, சுமையும் நானே சுமக்கணும்னா அது எந்த ஊரு நியாயம்?" என்றார் ரத்தினவேல் முதலாளி.

"சோறு எல்லாரும்தான திங்கிறோம்? அந்த நெல்லு எல்லார் தலையிலயும் கொஞ்சம் ஏறி எறங்கட்டுமே" என்றார் வாத்தியார். அவருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. ஆண்டவனுக்கே இப்போதுதான் வகுத்தல் கணக்கு வந்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னாராம்.

சைக்கிள் கடை காதர் மைதீன் ஒரு காலுக்குப் பதில் கட்டை ஊன்றி நடக்கிறவர். "எனக்கும் இந்த ஊரு பயில்வானுக்கும் ஒரே எடைன்னா அது சமமா சார்?" என்று கேட்டார். வாத்தியார் மறுநாள் வந்து, "சமந்தான் பாய். ஆனா நியாயமான்னு யோசிக்கணும்" என்றார். யோசித்துக்கொண்டேதான் இருந்தார். மளிகைக்கடை மரகதத்துக்கு இந்தத் தத்துவமெல்லாம் தேவைப்படவில்லை. "என் ஓரகத்தி தலையிலயும் இதே எடைதான?" என்று மட்டும் மூன்று பேரிடம் விசாரித்தாள்; ஆமாம் என்று மூன்று பேரும் சொன்ன பிறகு, பூ வைத்துக்கொண்டவள் மாதிரி சந்தோஷமாக நடமாடினாள். நான் என்ன சொன்னேன் என்றால், நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவனுக்குக் கழுத்தில் ஏற்கெனவே ஒரு மூட்டை இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் போடட்டும் என்றேன். எத்தனை தலையோ அத்தனை நியாயம், ஒவ்வொன்றும் அந்தந்தத் தலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

உட்கார முடியவில்லை எங்களால். ஒன்பது மணி ஆனால் எல்லோரும் வாசலுக்கு வந்து தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தோம், இப்போது யார் தூக்குகிறார்கள், எதைத் தூக்குகிறார்கள், இவ்வளவு தூக்கத்தான் வேண்டுமா என்று. இரண்டாவது குடம் தண்ணீர் எடுத்து வந்தவளை மாடியிலிருந்து ஒருத்தி, "இப்பத்தான எடுத்துட்டுப் போன, வீட்ல என்ன யானையா கட்டிருக்க?" என்று கேட்டாள். புதுவீட்டுக்கு மேல்தளம் போட ஆரம்பித்தவரிடம் அக்கம்பக்கத்தார் கூட்டமாகப் போய், உங்கள் மாடி எங்கள் தலையில் ஏறுகிறது என்று சொல்லி நிறுத்தச் செய்தார்கள். முன்பெல்லாம் சுமைக்காரன் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிட்டு மறந்துவிடுவோம். இப்போது அவன் முதுகு மறையும்வரை பார்த்தோம்.

பிறகு பழகினோம். பழகுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூட்டைக்கு அடியில் சுமைக்காரர்கள் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் சும்மாட்டை, மேலே ஒன்றுமே இல்லாமல், ஊரே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. நான்தான் தைத்தேன். வங்கிக்காரர்களுக்குச் சட்டைக்குப் பொருத்தமான நிறத்தில், பள்ளிக்கூடத்துக்குச் சீருடைத் துணியில், கல்யாணப் பெண்ணுக்கு ஜரிகை வைத்துப் பட்டில். மாப்பிள்ளை வீட்டார் சும்மாடு சரியில்லை என்று ஒரு நிச்சயதார்த்தத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இருக்கிறவர்கள் சும்மாட்டுக்குள் இலவம்பஞ்சு வைத்தேன், இல்லாதவர்களுக்குக் கந்தல் வைத்தேன். ஒரே எடையை வாங்குவதற்கு ஒரே மாசத்தில் இரண்டு வகைத் தலை உண்டாகிவிட்டது, இரண்டுக்கும் நான்தான் அளவெடுத்தேன்.

சந்தோஷமில்லாமல் திரிந்தவன் சேவுகன் ஒருவன்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகள் விளையாட்டுக்கு மூன்று மூட்டையை அடுக்கிக்கொண்டு மில்லைச் சுற்றி ஓடின; இவனுடைய இரட்டை மூட்டையை யார் மதிப்பார்? பூச்செண்டுக்குத் தொளதொளவென்று ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவன், என் கடைப் பலகையில் உட்கார்ந்து, "கனமே இல்லாத மூட்டையத் தூக்கறதுக்கு நான் எதுக்குண்ணே? கழுத தூக்காதா?" என்றான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தலை வலிக்கிறது என்று ஊரே புலம்புகிறது, வலிக்கவில்லை என்று இவன் ஒருவன் புலம்புகிறானே என்று.

பங்குனி பிறந்ததும் பூச்செண்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஒரு சொம்புகூடத் தலையில் ஏற்றக் கூடாது, இந்தத் தடவை கலைந்தால் உன் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தவள் கேட்டருகில் வந்ததும் நின்றுவிட்டாள். ஓரடி எடுத்து வைத்தால் சொம்பு ஏறும். வைக்காவிட்டால் வீடு இல்லை. கேட்டுக்கு வெளியே மைல்கல்லின்மேல் உட்கார்ந்து, "நான் வரல, நீ போ" என்றாள்.

சுமைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. லாரிக்குச் சாத்திய சரிவுப் பலகையில் ஏறும்போது ஒருவனுக்கு மூச்சு முட்டினால், இன்னொருவன் போய் அவன் தலையோடு தலையை ஒட்டி நின்று, "பாரம் எனக்கு" என்பான். மூட்டை தரையைத் தொடாமல் தலைமாறிவிடும். வாங்குகிறவன்தான் அதைச் சொல்ல வேண்டும். சுமக்கிறவன் "உனக்கு" என்று தள்ளிவிட முடியாது, அது அவர்களுக்குள் மரியாதைக் குறைவு. சேவுகன் அவளைக் கைபிடித்துக் கேட்டுக்குள் ஓரடி கூட்டிவந்து, அவள் தலையில் சொம்பு ஏறி முகம் சுருங்கியதும், குனிந்து தலையோடு தலையை ஒட்டி, பாதி விளையாட்டாக, "பாரம் எனக்கு" என்றான். அவள் தலை சுத்தமாகக் காலியானது. அவன் தலையில் இரண்டரை கிலோ நின்றது. அவன் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சிரித்தான். மாசியிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஆம், பார்த்தேன்; வெளியூரில் பட்டன் வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். பார்த்ததை ஊரில் போய்ச் சொன்னவனும் நான்தான்.

ஒரு வாரம் ஊர் பார்க்க அழகாக இருந்தது. மகன்கள் அம்மாக்களுடையதை வாங்கினார்கள். அக்கா தம்பியுடையதை வாங்கினாள். கல்லூரிக்குப் போகிற ஒருத்தியுடையதைப் பேருந்து நிலையத்தில் ஒரு பையன் வாங்கி, தலையோடு தலை ஒட்டியிருந்த காட்சியைப் பார்த்தவர்களிடம் அடியும் வாங்கினான். இரண்டாவது வாரம் ரத்தினவேல் முதலாளி சேவுகன் வீட்டுக்குப் போய், சும்மாட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என்னோடதையும் எடுத்துக்கப்பா, வாரம் ரெண்டு படி அரிசி தர்றேன்" என்றார். சேவுகன் குனிந்தான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு அவன் தலையோடு தன் தலையை ஒட்டினார், வாழ்க்கையில் முதல் தடவையாக.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மில் வாசலில் சிமெண்டு பெஞ்சு போட்டார்கள். சுமைக்காரர்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அதில் கையைக் கட்டி உட்கார்ந்து ஊரின் தலைப்பாரத்தைச் சுமந்தார்கள். மூட்டை தூக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்; கனமில்லாத மூட்டையைத் தூக்க யாராக இருந்தால் என்ன? ஒருவன் மட்டும் மாமனார் சாவுக்கென்று சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைத் தாண்டிவிட, அவன் வாங்கியிருந்த இருபது பேருக்கும் கடைத்தெருவில் நின்ற இடத்திலேயே சொம்பு திரும்பி வந்து இறங்கியது. ஊர் கொதித்தது. அதிலிருந்து பெஞ்சுக்காரர்கள் வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஆனது.

"முன்னாடியாவது நாப்பதடி நடந்துட்டு இறக்கி வச்சான். இப்ப எறக்கவே இல்லையே?" என்று வாத்தியார் கடை கடையாக ஏறிச் சொன்னார். அவர் தன்னுடையதை யாருக்கும் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டவும் தயங்கவில்லை.

"அவன் பாரம் எனக்குன்னு கேட்டு வாங்குறான் சார். உங்களுக்கு ஏன் நோகுது?" என்றார்கள்.

பேரூராட்சித் தலைவி சௌந்தரவல்லி இரண்டு பக்கமும் கேட்டு நியாயமான ஒரு தீர்மானம் போட்டார். ஒரு சுமைக்காரன் நாற்பது பேருடையதுக்கு மேல் வாங்கக் கூடாது. நாற்பது ஒன்றேகால் ஐம்பது, அது ஒரு மூட்டை, அதற்குமேல் போனால் பாவம். கைதட்டினோம். மற்ற சுமைக்காரர்கள் இருபது, இருபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சேவுகன் மட்டும் நாற்பது வாங்கினான். பெண்டாட்டியுடையது அந்தக் கணக்கில் சேராது என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அந்த நாற்பதாவது ஆள் நான். மறைக்க என்ன இருக்கிறது? எல்லோரும் சுமந்தவரை எனக்கு ஒன்றேகால் கிலோ மறந்தே போயிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் தலை காலி என்று தெரிந்த நாளிலிருந்து கழுத்து வலி உயிரை எடுத்தது. மரகதம் தன் ஓரகத்தி கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே ஓடினாள். காதர் பாய் மட்டும், "கட்டை வழுக்குது, வேற வழியில்ல தம்பி" என்று தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தார். நான் போனபோது சேவுகன், "வாங்கண்ணே, நாப்பதுக்கு ஒண்ணு குறையுதேன்னு பாத்தேன்" என்று சொல்லி, நான் எட்டுவதற்கு வசதியாகக் குனிந்தான். தலை காலியானதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பறக்கலாம் போல இருந்தது.

பூச்செண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள். "எனக்கு எடுத்த, சரி. ஊருக்கு எதுக்குய்யா எடுக்குற?" என்றாள்.

"கேக்குறாங்கள்ல புள்ள. எனக்கும் இப்பத்தான் தலை தலையா இருக்கு" என்றான் அவன். என்னைப் பார்த்து, "இல்லண்ணே?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆடி மாதம் விதைப்புக்கு உரம் ஏற்றிய சரக்கு ரயில் வந்தது. ஊரின் தெற்கு மூலையில் இருக்கும் குட்ஷெட்டில் இருபத்தொரு பெட்டி வந்து நின்றது, பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும். வெளியூர் ஆட்களை வேன் வேனாக இறக்கினார்கள். கனமில்லையே என்று ஆளுக்கு மூன்று மூட்டை அடுக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்து மணிக்கெல்லாம் தலைக்கு மூன்றே முக்கால் கிலோ ஆகிவிட்டது என்று மதிலில் பழைய எழுத்தை அழித்துவிட்டு எழுதினார் வாத்தியார். தங்களுடையதைக் கொடுக்காத சில பேர் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடுத்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தீர்மானத்தில் தலையை எண்ணினோம், எடை ஏறினால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை. மில் பெஞ்சில் சேவுகன் தலையில் அப்போது நூற்றைம்பத்தேழு கிலோ இருந்தது.

பதினோரு மணிக்கு அவன் சரிந்தான். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. கழுத்து ஒரு பக்கமாக மடங்கி, மூக்கிலிருந்து ரத்தம் கோடாக வந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் நீட்டினார்கள். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்த பூச்செண்டு அதை வீசிவிட்டு ஓடிவந்து, எட்டு மாத வயிற்றோடு தரையில் உட்கார்ந்து, அவன் தலையோடு தலையை ஒட்டி, "என் பாரம் எனக்கு" என்று சொல்லப் போனாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இவள் அந்தப் பக்கம் குனிந்தாள். அவன் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். உதடு மட்டும் "நீ வேணாம்" என்றது.

அவள் எழுந்து கத்தினாள். "எல்லாரும் வாங்க! உங்களத நீங்க எடுத்துக்கங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கங்க. தலைக்கு நாலு கிலோகூட இல்ல, வாங்கய்யா!"

வந்தோம். நாற்பது பேரில் முப்பது பேராவது பத்து நிமிடத்தில் மில் வாசலுக்கு வந்துவிட்டோம், வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் காதர் பாய்தான் கட்டையைக் கீழே போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து, அவன் தலையோடு தலையை ஒட்டித் தன்னுடையதை வாங்கிக்கொண்டார். பிறகு செங்கல் காளவாசல்காரர் ஒருவர். பிறகு யாரென்று எங்களுக்குள் பேச்சு வந்தது.

"எங்க ஓரகத்தி எடுக்கட்டும், அடுத்த நிமிஷம் நான் எடுக்குறேன்" என்றாள் மரகதம்.

"நாப்பது பேரும் ஒண்ணா எடுத்தாத்தான் சரி. வந்தவன் சுமக்கணும், வராதவன் வீட்ல ஜாலியா இருக்கணுமா?" என்றது ஒரு குரல்.

"தள்ளாதீங்க, வரிசையா வாங்க" என்றார் தலைவி.

"ஏம்ப்பா, குட்ஷெட்டுக்கு ஆள் அனுப்பி மூட்டைய எறக்கச் சொல்லுங்களேன்" என்றார் ரத்தினவேல் முதலாளி. "ஆள் போயிருக்கு, ஆள் போயிருக்கு" என்று நாலு பக்கமிருந்தும் சொன்னார்கள், நானும் சொன்னேன். யாரும் போயிருக்கவில்லை.

ஜெயசீலன் வாத்தியார் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். நோட்டைப் பிரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, சண்டை வராமல் நடக்க வேண்டும் என்றுதான் செய்தார். "கடைசியா குடுத்தவங்க முதல்ல எடுக்கணும், அப்படியே ஒவ்வொருத்தரா மேல போகலாம், அதுதான் முறை" என்று எழுதத் தொடங்கினார். அந்த முறைப்படி முதல் ஆள் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேவுகன் தலை என் காலிலிருந்து நாலடி தூரத்தில் கிடந்தது. குனிந்தால் போதும். என் பிள்ளைகள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், குனியத்தான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது. "முதலாளிதான் மொதல்ல குடுத்தாரு, வசதிக்காரரு. அவரு எடுக்கட்டும், நானும் எடுக்குறேன்" என்றேன். "கரெக்டு" என்றார்கள் பின்னால். முதலாளிக்குக் கோபம் வந்தது. வாத்தியார் நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி மேலிருந்து எழுத ஆரம்பித்தார்.

பூச்செண்டு எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. மில்லில் மூட்டை தள்ளும் இரும்பு வண்டியை இழுத்துவந்தாள். காதர் பாயும் காளவாசல்காரரும் அவனைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். தூக்குகிறவர்களுக்கு அவன் கனக்கவில்லை, அவனுக்குத்தான் ஊர் கனத்தது. அவள் வண்டியை ரயில்வே கேட்டைப் பார்த்துத் தள்ளினாள். கேட்டைத் தாண்டிவிட்டால் அவன் தலையில் இருப்பதெல்லாம் அவரவரிடம் போய்விடும், யாரையும் கெஞ்ச வேண்டாம், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மில் வாசலிலிருந்து கேட்டுக்கு முந்நூறு அடி இருக்கலாம்.

நாங்களும் கூடவே போனோம். யாரும் மறிக்கவில்லை. அவள் எட்டு மாத வயிறு வண்டிக் கம்பியில் முட்ட முட்டத் தள்ளினாள், காதர் பாய் ஒரு கையால் கட்டையை ஊன்றி ஒரு கையால் தள்ளினார், காளவாசல்காரர் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் தூக்கிவிட்டார், நாங்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே பேசினோம். முதலாளி எடுத்தால் போதுமா, தலைவியும் எடுக்க வேண்டுமா, வராத பத்துப் பேரை என்ன செய்வது, இன்னும் நாலு மணி நேரத்தில் ரயில் காலியாகிவிடுமே, அதுவரை தாங்க மாட்டானா, ரெட்டை மூட்டை ஆயிற்றே. வழி முழுக்கப் பேசினோம். எனக்கு என் குரல் இப்போதும் கேட்கிறது, அதில் நியாயமாகத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேட் திறந்திருந்தது. தண்டவாளம் தெரிந்தது. அப்போது என் தலையில் அது இறங்கியது. பக்கத்தில் மரகதம் "அம்மாடி" என்று உட்கார்ந்தாள். முதலாளியின் கண்ணாடி கீழே விழுந்தது. முப்பது பேரும் நின்ற இடத்தில் முழங்கால் மடங்கி நிமிர்ந்தோம். தாண்டிவிட்டாள், நல்லவேளை தாண்டிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன், என் அப்பன் சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வண்டியின் முன்சக்கரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் இன்னும் முப்பதடி இருந்தது.

அவளும் நின்றிருந்தாள். அவள் தலை லேசாக ஒரு தடவை அமிழ்ந்து நின்றது. நாலு மாதமாக அவன் சுமந்துகொண்டிருந்தது, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி அவளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தது, வந்துவிட்டது. அவள் ஒரு கையை உச்சந்தலைக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். குனிந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அப்படிச் செய்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திரும்பி எங்களைப் பார்த்து, இரவல் வாங்கிய பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்பது போல, "எல்லாருக்கும் அவங்கவங்களுது வந்து சேந்துருச்சா?" என்று கேட்டாள்.

காதர் பாய் மட்டும் வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

"தையக்காரண்ணே, ஒங்களுக்கு?"

"வந்துருச்சு தாயி" என்றேன். நாலு கிலோகூட இல்லை.